பாப்பாவின் பல்

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் கடைசித் தங்கைக்கு, ரேஷன் கார்டில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது. கடப்பாக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே முழிப்பார். வீட்டின் கடைக்குட்டி என்று பாப்பா என்றார்கள். தலை முழுக்க நரைத்த பிறகும் ஊருக்கே அவள் பாப்பாதான்.

நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். மிச்ச நேரத்தில், தென்னமெரிக்காவில் எப்போதோ அழிந்துபோன விலங்குகளின் பற்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முயல் அளவுள்ள பிராணிகள். ஆனால் முயலுக்கும் பங்காளி இல்லை, ஆட்டுக்கும் பங்காளி இல்லை, வம்சமே போய்விட்டது. அங்கே உள்ள என் கூட்டாளி ஒருத்தி தாடையை ஸ்கேன் செய்து அனுப்புவாள். அதே அளவில் பிளாஸ்டிக்கில் அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்வேன்.

அப்படி வந்ததில் ஒன்றின் பற்கள் ரொம்பச் சின்னவை. மற்றவற்றின் பற்களில் ஆழமான மடிப்புகள் இருக்கும். இதில் வெறும் வட்டம். என் மகள் அதற்குப் பாப்பா என்று பெயர் வைத்தாள், நானும் பிடித்துக்கொண்டேன். வீடியோவில் அதைக் கேட்ட கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மொழியில் பாப்பா என்றால் உருளைக்கிழங்காம். ஆனாலும் அசல் தாடை இருக்கும் பெட்டியின் மேல் பாப்பா என்றே எழுதி வைத்தாள்.

இதுவரை யாரும் பெயரிடாத இனம் என்று எனக்குத் தோன்றியது. அப்படியானால் பெயர் வைக்கும் உரிமை எங்களுக்கு. அத்தையின் ரேஷன் கார்டுப் பெயரை வைப்பதென்று முடிவு செய்தேன். பிள்ளை குட்டி இல்லாதவள், அவளோடு அந்தப் பெயரும் போய்விடும் என்று எனக்கு ஆற்றாமை. ஒரு குட்டிப் பிராணிக்கு அவள் பெயர் என்று போனில் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரைடு ரைஸுக்குக் குடைமிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதல் வில்லையில் விதையும் மடிப்பும். கடைசி வில்லை சின்னதாக, வெறுமையாக. இரண்டும் ஒரே காய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பல்லும் மேலிருந்து தேயத் தேய இப்படித்தானே உருமாறும்? ஸ்கேனில், ஏற்கெனவே பெயருள்ள ஓர் இனத்தின் பல்லை அடிப்பக்கமாக வெட்டிப் பார்த்தேன். அச்சு அசலாக எங்கள் பாப்பா. அது புது இனமும் இல்லை, குட்டியும் இல்லை. மென்று மென்று பல் தேய்ந்த கிழம். முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்பது எங்கள் துறையின் சட்டம்.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. கடப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

அத்தை டீயில் பிஸ்கட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். பல்செட் ஜன்னலோரத்தில் டம்ளரில் கிடந்தது. ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்ப அதுக்கு முன்னியே வேற பேரு கீதுன்றியா?"

"இருக்கு அத்த."

"குட்டின்னு சொன்னியேடி."

"வயசானது அத்த. பல்லெல்லாம் தேஞ்சுபோயிருக்கு."

"தேஞ்சாலும் பல்லுன்னு ஒண்ணு இருந்துச்சில்ல? குடுத்து வச்ச மவராசி." பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது, ஸ்பூனால் தேடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெருவுல கேட்டா இன்னாத்த சொல்றது?"

பேச்சை மாற்றத்தான் சொன்னேன்: "நாங்க அத பாப்பான்னுதான் கூப்ட்டுகினு இருந்தோம். அங்க பெட்டி மேலயும் அப்டித்தான் எழுதியிருக்காங்க."

ஸ்பூன் நின்றது.

"பாப்பான்னா?"

"ஆமா."

"கெழம், பேரு பாப்பா." அத்தை டம்ளரை எடுத்துப் பல்செட்டை மாட்டிக்கொண்டாள். "அப்ப அது எம்பேருதான? இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு வந்த? கார்டுல கீற பேர வச்சிருந்தா எவளுக்குத் தெரியும் அது நான்னு?"

சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்கு நடந்தாள். உருளைக்கிழங்கு விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை.