பல்லேடியம் எங்கும் போகவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியின் லேபில் நான் கெமிஸ்டாக இருந்தேன். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் விஷ வாயுவைக் கெடுதல் இல்லாததாக மாற்றுகிற கேட்டலிஸ்ட் தயாரிப்பதுதான் எங்கள் வேலை. பார்ப்பதற்கு மிளகு அளவு வெள்ளை மணிகள், அவ்வளவுதான். அவற்றைப் பல்லேடியம் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, ஃபர்னஸில் சுட்டு எடுப்போம். பல்லேடியம் தங்கம் மாதிரி விலை கூடிய உலோகம். அதனால் கரைசல் பாட்டிலுக்குப் பூட்டு, ரிஜிஸ்டர், கையெழுத்து எல்லாம் உண்டு.

ஊறவைப்பது, சுடுவது இரண்டும் ஒரு அக்காவின் பொறுப்பு. அக்கா என்றாலும் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆறு வருடமாக கான்ட்ராக்டில் இருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு தட்டு மணிகளை லேபுக்கே தூக்கிக்கொண்டு வந்தார்.

"மேடம், இன்னா இது கலரு? எப்பவும் காப்பித்தூள் மாதிரி வரும். இது சாம்பல் பூத்துக்கினு கீது."

நான் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கலரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. டெஸ்ட்ல பார்த்துக்கலாம், நீங்க அடுத்ததைப் போடுங்க" என்றேன்.

மறுநாளும் சொன்னார். மறுநாளும் அதே பதில்தான்.

புதன்கிழமை டெஸ்ட். மணிகளைக் குழாயில் போட்டு, வாயுவை விட்டுச் சூடேற்றிப் பார்ப்போம். வழக்கமாக வேலை செய்ய ஆரம்பிக்கும் சூட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த வாரம் வந்த மூன்று பேட்சும் அதே கதை.

மேனேஜர் உடனே சொல்லிவிட்டார். "பல்லேடியம் கம்மியா போயிருக்கு. யாரோ எடுத்திருக்காங்க." ரிஜிஸ்டரைப் பார்த்தால் அக்காவின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. ஷெட்டில் எல்லோரும் பார்க்க அவரைக் கூப்பிட்டு, பையைக் கீழே கொட்டச் சொன்னார். டிபன் பாக்ஸ், சீப்பு, மாத்திரை அட்டை. "நான் எடுக்கல சார்" என்று ஒரே ஒரு முறை சொன்னார் அக்கா. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் சில மணிகளை அமிலத்தில் கரைத்து அளந்தேன். பல்லேடியம் முழுதாக இருந்தது. மேனேஜரிடம் சொன்னேன். "அப்போ கரைசல்ல எதையாவது கலந்திருப்பாங்க" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பேட்சிலும் கெட்ட பேட்சிலும் கொஞ்சம் எடுத்து, சென்னையில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கும் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

நான்காம் நாள் படங்கள் வந்தன. நல்ல பேட்சில், பொடி தூவியது போல நுணுக்கமான புள்ளிகள். ஒவ்வொன்றும் சில நூறு அணுக்கள் சேர்ந்த சின்னத் திரள். கெட்ட பேட்சில் அந்தப் புள்ளிகளைக் காணோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய பெரிய கட்டிகள். உலோகம் அதேதான், எடையும் அதேதான். ஆனால் கும்பலாகக் கூடிவிட்டால் வெளியே நிற்கும் அணுக்கள் மட்டும்தான் வாயுவைத் தொட முடியும். உள்ளே மாட்டிக்கொண்டவை சும்மா கிடக்கும். அதிகச் சூடு பட்டால் இப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஃபர்னஸ் டிஸ்ப்ளேயில் வெப்பம் எப்போதும் சரியாகத்தானே காட்டியது என்று யோசித்துக்கொண்டே பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சூட்டை அளக்கும் கம்பி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, என் சோதனைத் தட்டு ஒன்றை உள்ளே வைக்க இடம் பத்தாமல் அந்தக் கம்பியை இழுத்தது நான்தான். திரும்பத் தள்ள மறந்திருக்கிறேன். கம்பி நுனி சூடு குறைந்த ஓரத்தில் நின்று குறைவாகவே காட்ட, ஃபர்னஸ் மேலும் மேலும் எரிந்திருக்கிறது.

பக்கத்தில் யாருமில்லை. கம்பியை உள்ளே தள்ளிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று பஸ் கிளம்பும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். கத்தினார். பிறகு, "சரி, மெஷின் ஃபால்ட்னு எழுதிடலாம். அந்தம்மாவ வரச் சொல்லிடுங்க" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஊத்துக்கோட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கம்பி விஷயம் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ பல்லேடியம் உள்ளாறதான் இருந்துக்குது."

"ஆமாக்கா. கட்டியாயிடுச்சு, அவ்வளவுதான்."

"கம்பெனில இன்னான்னு சொல்லிக்கிறீங்க?"

"மெஷின் ஃபால்ட்னு..."

"என்னைத் திருடின்னு சொன்னது மெஷினா மேடம்?" அக்காவின் குரல் உயரவே இல்லை. "அத்தினி பேரு பாத்துக்கினு இருக்கசொல்லோ என் பையக் கொட்டுனாங்க. அதே எடத்துல, அத்தினி பேரு இருக்கசொல்லோ சொல்லுங்க. அப்பாலிக்கா வேலைக்கு வரேன்."

மறுநாள் காலை ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரம், ஷெட்டில் எல்லோரையும் நிற்கச் சொன்னேன். அக்கா வாசல் பக்கம் நின்றார்.

"பல்லேடியம் எங்கயும் போகல. அக்கா எதையும் எடுக்கல. கம்பியை இழுத்து விட்டது நான். கலர் மாறியிருக்குன்னு அவங்க முதல் நாளே சொன்னாங்க, நான் காதுல வாங்கல. எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

மேனேஜர் உள்ளே போய்விட்டார். அன்று மதியமே எனக்கு மெமோ வந்தது. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு ஃபர்னஸ் பக்கம் நடந்தார். அதன் பிறகு நாங்கள் நெருங்கிய தோழிகள் ஆகிவிடவில்லை. வேலை விஷயம் மட்டும் பேசுவார். அடுத்த வருடம் காட்டுப்பள்ளிப் பக்கம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

கண்ணுக்கே தெரியாத புள்ளிகள் கொஞ்சம் பெரிதாகிவிட்டன என்று சொல்ல, படமெல்லாம் எடுத்து நான்கு நாள் காத்திருந்தோம். ஆறு வருடம் கூட வேலை செய்த ஒருவரைத் திருடி என்று முடிவு கட்ட எங்களுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை, அந்த அரை மணி நேரமும் நான் சும்மா நின்றேன் என்பது இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.