விழுங்கியவனுக்குக் கூடத்தில் இலை

காலை ஒன்பது மணிக்கு மைசூரு மண்டி மொஹல்லாவிலிருந்து காரில் கிளம்பினோம். ஸ்ரீரங்கப்பட்டணம் பதினாறு கிலோமீட்டர். அங்கிருந்து கால்வாயோரமாக இன்னும் ஒன்பது. போகவர வாடகை ஆயிரத்து அறுநூறு. நான் பார்க்கப் போனது எட்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம். ஒரே குடும்பம் நடத்துகிறது. அவர்களுடைய சிவப்பு ஒயினைப் பெங்களூருவின் பெரிய ஹோட்டல்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குகின்றன.

"ஐயங்கார் வீடு சார். ஊருக்கெல்லாம் விக்கிறாங்க, வீட்ல ஒருத்தரும் வாய்ல வைக்க மாட்டாங்க, கொத்தா, தெரியுமா?" என்று சிரித்தார் ஓட்டுநர் மஞ்சு. நானும் சிரித்துவைத்தேன்.

வாசலில் வரவேற்றவர் உரிமையாளர் ராகவன், ஓய்வுபெற்ற பொறியாளர். கொட்டகையைச் சுற்றிக் காட்டியபடி அவர் பேசினார். வேலையெல்லாம் செய்தவர் மருமகள் வைதேகி. தொட்டியில் நசுக்கிய திராட்சை தோலோடு ஊறிக்கொண்டிருந்தது. எப்போது பிழிவது என்பதைத் தினமும் ருசி பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டுமாம். முந்தினால் சப்பென்று ஆகிவிடும், பிந்தினால் கசக்கும். வைதேகி ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார். எனக்குப் பழைய ஒயினை ஊற்றினார். நாவல்பழமும் மிளகும் கலந்த வாசம். பிரமாதம்! வெட்கமில்லாமல் மூன்று கோப்பை குடித்தேன். புட்டி இரண்டாயிரத்து நானூறு ரூபாய். தயாரித்தவர் என்று லேபிளில் வைதேகியின் கணவர் பெயர் இருந்தது. அவர் பெங்களூருவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. கூடத்தில் எனக்குத் தலைவாழை இலை. வைதேகிக்குக் கொல்லைப்புறத்தில் தட்டு.

"அவங்க ஏன் அங்கே?" என்றேன்.

"பிழிஞ்சு முடியறவரைக்கும் அப்படித்தான். வாய்ல படறதோல்லியோ? பெருமாள் எழுந்தருளியிருக்கற ஆத்துக்குள்ள கூடாது," என்றார் ராகவன், சாந்தமாக.

"அவங்க துப்பினாங்க சார். விழுங்கினது நான்!"

"நீங்க அதிதி. உங்களுக்கு தோஷமில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை வைதேகியின் குழந்தைக்கு ஆண்டு நிறைவு என்று ராகவனே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்று குழந்தையை அத்தை மடியில் வைத்துக்கொள்வாளாம். பெற்றவள் கொல்லையிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டுமாம்! பாதி இலையில் எழுந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு விடைபெறக் கொட்டகைக்குப் போனேன். பிழிய வந்த ஆட்கள் காத்திருந்தார்கள். வைதேகி தொட்டியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மாமனார் கையில் கொடுத்தார்.

"நான் வாயைக் கழுவிண்டாச்சு அப்பா. இனிமே தொடல. இன்னிக்குப் பிழியலாமான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ."

ராகவன் முகர்ந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். உதட்டருகே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

"விளையாடாதேம்மா. ஆச்சா, ஆகலையா?"

"வெள்ளிக்கிழமை குழந்தை யார் மடியில உட்காரப்போறது?"

ஆட்கள் ராகவனைப் பார்த்தார்கள். அவர் தொட்டியைப் பார்த்தார்.

"உன் மடியிலதான். உள்ளதான்," என்றார் கடைசியில்.

வைதேகி கோப்பையை வாங்கி ருசித்துத் துப்பினார். "ரெண்டு நாள் போகட்டும்," என்று ஆட்களை அனுப்பிவிட்டார்.

வழிநெடுக மஞ்சுவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் ஜெயித்துவிட்டாளே சார் என்றார் அவர். ஜெயித்தாள்தான். ஆனால் அந்த மனிதர் இறங்கி வந்தது, பெற்றவள் கேட்டாள் என்பதற்காகவா? தொட்டி கெட்டுப்போகும் என்பதற்காக அல்லவா!