பிறக்காத குழந்தைக்கும் ஒரு டிக்

பிரசவ வார்டில் அவருக்குக் கறார் அக்கா என்று பெயர். பதினெட்டு வருடமாக நர்ஸ். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் ஆயாவைக் கூப்பிட்டு மறுபடி விரிக்கச் சொல்வார். பெரிய டாக்டரைக் கண்டால் மட்டும் அந்த வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

அந்த ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும் துடைத்து, தாயிடம் ஒரு கணம் முகத்தைக் காட்டிவிட்டு, வராந்தாக் கடைசியில் இருந்த குழந்தைகள் அறைக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். ஆபரேஷன் என்றால் திரும்பி வர இரண்டு நாள். அதுவரை பவுடர் பால். புட்டியில் வயிறு முட்டக் குடித்த குழந்தை தாயிடம் இரண்டு சப்பு சப்பிவிட்டு வீறிடும். உடனே, "உங்களுக்குப் பால் ஊறலைம்மா" என்று சொல்லி, கம்பெனிக்காரர் இலவசமாக வைத்துப்போன டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அக்காவும் சொன்னவர்தான். அவருக்குப் பிரசவமானபோது இதே வார்டில் அதைத்தான் சொன்னார்கள். பிறந்த மகள் அந்த அறையில் கிடக்க, மார்பு கல்லாகக் கட்டி, ஜுரத்தோடு கழுவுதொட்டியில் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்து படுத்தவர் அவர். பால் ஊறாத உடம்பு என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

தாய்ப்பாலுக்குத் துணை நிற்கும் ஆஸ்பத்திரி என்று சான்றிதழ் தர ஒரு குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். டப்பாக்கள் துணி அலமாரிக்குள் போயின. குழந்தைகளைக் குழு வரும் நாள் காலை மட்டும் தாய்மார் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். வார்டு ஏட்டில் 'ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால்' என்ற கட்டத்தில் எல்லாப் பெயருக்கும் டிக் போடச் சொன்னார் பெரிய டாக்டர். அக்கா புரட்டிப் பார்த்தார். ஏழாம் படுக்கைக்காரிக்கும் டிக் விழுந்திருந்தது. அவள் இன்னும் பிரசவ வலியில் முனகிக்கொண்டிருந்தாள்.

அக்கா ஏட்டை மூடி மேசைமேல் வைத்தார்.

குழுவில் வந்த அம்மாள் நான்காம் படுக்கையில் நின்றார். அங்கே படுத்திருந்தவள் ஒரு தையல்காரி. முந்தின நாள் ஆபரேஷன். எப்போது பால் கொடுத்தாய் என்று கேட்டதற்கு அவள் திருதிருவென்று அக்காவைப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரத்துக்குள்ளயே கொடுத்துட்டாங்க மேடம்" என்றார் அக்கா.

அவர்கள் நகர்ந்ததும் தையல்காரி மெதுவாகச் சொன்னாள். "நான் இவனைத் தொடறதே இன்னைக்குத்தான்க்கா."

அக்கா கழிவறைக்குப் போய் மூன்று தடவை வாய் கொப்பளித்தார். அருவருப்பு போகவில்லை. இத்தனை வருடமாக டாக்டர்மேல் இருந்த வெறுப்பு இப்போது தன்மேலேயே ஊர்ந்தது. திரும்பி வந்தால், குழு படியிறங்குவதற்குள் ஆயா தொட்டில்களைத் தள்ளத் தொடங்கியிருந்தாள்.

"இவனை விடு" என்றார் அக்கா.

வயிற்றுத் தையல் இழுக்காதபடி தலையணையை அண்டக்கொடுத்து, குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கிடத்தினார். அவன் நக்கினான், தூங்கினான், அழுதான். நாற்பது நிமிடம் கழித்துக் கவ்விப் பிடித்தான். தையல்காரி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

அதற்குப்பின் அக்காவின் ஷிப்டில் எந்தக் குழந்தையும் காரணமில்லாமல் அந்த அறைக்குப் போகவில்லை. பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கிருமி, கட்டுப்பாடு என்று பொரிந்தார்.

"நம்ம சுவத்துல ஒட்டியிருக்கறதைத்தான் டாக்டர் செய்யறேன்" என்றார் அக்கா.

சின்ன நர்சுகளும் அவர் வழிக்கு வந்தார்கள். ஒரு வருடத்தில், பவுடர் இல்லாமல் வீடு திரும்பிய தாய்மார் பத்துக்கு மூன்று என்றிருந்தது எட்டானது. அந்தக் கணக்கைப் பெரிய டாக்டர் ஒரு மாநாட்டில் தன் சாதனையாகப் படித்துக் கைதட்டல் வாங்கினார். மறுமாதமே நிர்வாக வசதிக்காக என்று அக்காவைக் கண் வார்டுக்குத் தூக்கியடித்தார்கள். சுகப்பிரசவக் குழந்தைகள் இப்போதும் தாயோடுதான் இருக்கின்றன. ஆபரேஷன் குழந்தைகள் மறுபடி அந்த அறைக்கே போகின்றன.

பார்வையாளர் நேரம் பன்னிரண்டு முதல் ஒன்று. சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு வரிசையில் நின்று, அக்கா பிரசவ வார்டுக்குள் போகிறார். ஆபரேஷனான பெண்களிடம் உட்கார்ந்து, "உங்க குழந்தையைக் கேளுங்க. கேட்டாக் கொடுத்துத்தான் ஆகணும்" என்கிறார். எதிரே பெரிய டாக்டர் வந்தால் எழுந்திருப்பதில்லை.