கடலுக்கா, பெங்களூருக்கா

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனி எங்கள் பிரிவை மூடுவதாகச் சொன்னபோது, ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். அதில் இரண்டே ஊர்கள். ஒன்று பெங்களூர், இன்னொன்று தூத்துக்குடி. இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒன்றில் டிக் அடித்துத் தர வேண்டும்.

நான் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் பிறந்தவள். பதினான்கு வருடமாக ஓசூரில் வண்டிப் பாகங்களை அளந்து, தேறியது தேறாதது என்று பிரித்துக்கொண்டிருந்தேன். கேன்டீனில் மீன் போடும் நாட்களில் தயிர்சாதம் வாங்குவேன். ஐஸில் கிடந்து வந்த அந்த மீனின் வாசம் எனக்கு ஆகாது.

அன்று சாயந்தரம் வீட்டுக்காரரிடம் படிவத்தைக் காட்டினேன். அவர் தேன்கனிக்கோட்டைக்காரர், தாய்மொழி தெலுங்கு, எலெக்ட்ரீஷியன். கல்யாணத்துக்குப் பிறகுதான் கடலையே பார்த்தவர்.

"இதுல யோசிக்க என்னா இருக்குது? உங்கூருக்கே போயிடலாம். ஒயரிங் வேல எந்தூர்ல இல்ல?" என்றார்.

நான் மகளைப் பார்த்தேன். ஏழு வயது. பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டிய பிறகுதான் சத்தம் என்று ஒன்று அவளுக்கு வந்தது. அந்தச் சத்தத்தைப் பேச்சாக்க, சனிக்கிழமைதோறும் பெங்களூரில் ஒரு டீச்சரிடம் அழைத்துப்போவேன். ஒற்றைச் சொல்லில்தான் பேசுவாள். "இப்ப விட்டுட்டா அப்புறம் பிடிக்கிறது கஷ்டம்" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லீவு போட்டு ஊருக்குப் போனோம். அக்கா வீட்டில் தங்கினோம். உப்புத் தண்ணீர் பட்டால் மெஷின் கெட்டுவிடும். அதனால் முதல் நாள் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மகளை அலையில் விட்டேன்.

மறுநாள் வீட்டுக்காரர், "அவ இன்னும் கடல கேக்கவே இல்லியே" என்றார். மெஷினை மாட்டி, அலை எட்டாத மணல் மேட்டில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். நான்தான் பேசுகிறேன் என்று நினைத்து மகள் என் வாயைப் பார்த்தாள். பிறகு குனிந்து அப்பாவின் வாயைப் பார்த்தாள். கடைசியில் கடலைப் பார்த்து, "யாரு?" என்றாள்.

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பேசாம இங்கயே வந்திருட்டி," என்றாள் கூட வந்திருந்த அக்கா. "டவுன்ல காது கேக்காத பிள்ளைகளுக்கு ஒரு சென்டர் இருக்காம்."

நானும் அவளும் தேடிக்கொண்டு போனோம். சென்டர் பூட்டிக் கிடந்தது. சொல்லிக்கொடுத்த டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டாராம். "வேற ஆளு வருவாங்கன்னு சொல்லுதாங்க. எப்பன்னு தெரியல" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"ஒரு வருசம் பொறுத்துப் பாப்போமே" என்றாள் அக்கா. வீட்டுக்காரர், "நீ எத அடிச்சாலும் நான் வரேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். அவர் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா வீட்டு அடுப்படியில் நின்றபடி பெங்களூருக்கு டிக் அடித்தேன். அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓசூருக்குக் கிளம்பும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் கருவாட்டை நான்கு பேப்பரில் சுற்றிப் பையில் வைத்திருந்தாள்.

பெங்களூர் வந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். என்னிடம் தமிழ், அப்பாவிடம் கொஞ்சம் தெலுங்கு, தெருவில் கன்னடம். டீச்சரே, "போதும், இனி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். தூத்துக்குடிக்கு மாற்றிக் கேட்கலாமா என்று விசாரித்தேன். அங்கே இடமில்லை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் செய்வேன். "இன்னைக்குச் சாளை குவிஞ்சு கெடக்கு" என்பாள். எந்தப் படகில் மீன் வந்தது, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் கலங்கலா தெளிவா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"இதெல்லாம் உனக்கு எதுக்குட்டி?"

"சும்மா சொல்லுக்கா."

அவள் சொல்லிக்கொண்டே போவாள். குக்கர் விசில் அடித்தால்கூட அடுப்பை அணைக்கப் போகாமல் நின்று கேட்பேன்.