மம்சாபுரம் கண்மாயில் ஒரு கொலை

நண்பர்களே, இன்று காலை மம்சாபுரம் கண்மாயில் ஈரேழு உலகமும் நடுங்க ஒரு கொலை நடந்தது. கொலையாளி, உள்ளங்கை அளவு மீன்கொத்தி.

யுத்தத்தால் கேமராவில் படம் பதியும் கண்ணாடித் தகடு கிடைப்பதில்லை. என்னிடம் மிஞ்சிய கடைசித் தகட்டோடு, அந்தப் பறவையைப் படம் பிடிக்க இடுப்பளவு தண்ணீரில் நாலு யுகம் நின்றேன். கரையில், பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கும் என் மச்சினன்.

மீன்கொத்தி ஒரு கெண்டையைக் கவ்வி வந்து கிளையில் ஓங்கி அடித்தது. மேற்கு மலையே ஆடியது! செதில் சிதறியது, கண் பிதுங்கியது, ரத்தம் தெறித்தது. விடாமல் அடித்தது.

"அத்தான், அது செத்துட்டு. பொறவும் ஏன் அடிக்கு?"

"முள்ளு ஒடியணும்லா மாப்ளே. செத்த நேரம் அசையாம இரி."

நான் பொத்தானை அழுத்தவும், "போதும், விடுலே!" என்று அலறியபடி அவன் தண்ணீரில் பாய்ந்து வரவும் சரியாக இருந்தது.

சாயங்காலம் தகட்டைக் கழுவிப் பார்த்தேன். பறவை இல்லை, மீன் இல்லை. தடுக்க நீட்டிய அவன் கை மட்டும் இருந்தது.

நாளை அவனிடம் சண்டைக் கதை கேட்க வருவதாகச் சொன்ன ராஜபாளையத்துப் பெருமக்களே, என்னிடம் கேளுங்கள். நான் நன்றாகப் பொய் சொல்லுவேன்.