எடைமேடைக் கம்ப்யூட்டரில் நைனா ஓட்டிய லாரி

திருகுகளைக் கழற்றிப் பக்கவாட்டு மூடியை எடுத்ததும் உள்ளிருந்து முதலில் வந்தது இரும்பு வாடைதான். மற்ற ஊர்க் கம்ப்யூட்டர்களில் வீட்டுத் தூசிதான் படிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் படிவது வேறு. உருக்காலைப் புகையோடு வந்து இறங்கும் அந்தக் கறுப்புப் பொடி வெயிலில் மினுமினுக்கும், விரலில் தடவினால் நறநறவென்றிருக்கும், பழைய ஸ்பீக்கரில் இருந்து பிடுங்கிய காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் மீசை முளைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் சாமு அந்தப் பொடியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி எடுக்க, நான் அதைப் பழைய செய்தித்தாளில் ஏந்திக்கொண்டு நிற்பேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்களுக்கு வந்ததே ஓர் இரும்பு ஆலையில் இருந்துதான். நைனா, அதாவது எங்கள் அப்பா, அங்கே எடைமேடையில் வேலை பார்த்தார். கம்பி ஏற்றிய லாரிகள் வெளியே போகுமுன் அந்த மேடையில் ஏறி நிற்க, அவற்றின் எடையைப் பல வருடங்களாகப் பதிந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரை ஆலை மாற்றியபோது, பழையதை நைனா கேட்டு வாங்கி ஷேர் ஆட்டோவில் மடிமீது வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் லைன் வீட்டில் அதற்கு இடம் ஏது? தையல் மெஷினை வெளியே தள்ளிவிட்டு அந்த மூலையில் அதை வைத்தோம். நான் அப்போது எட்டாம் வகுப்பு, சாமு பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் வருடம்.

எடைமேடைக்கு வருமுன் நைனாவே லாரி ஓட்டினவர்தான். கம்பி லோடு ஏற்றிக்கொண்டு விஜயவாடா, ஒரிசா, கல்கத்தா என்று போய் வருவார். நான் சின்ன வகுப்பில் இருந்தபோது நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்து இடது முழங்காலில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, நொண்டிக்கொண்டே வீடு வந்தார். அதற்குப் பிறகு ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை. கிளட்ச் மிதிக்கக் கால் ஒத்துழைக்கவில்லை என்றுதான் எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். மாதத்தில் ஒருநாள் விடிகாலை ரயிலேறிச் சென்னை போய், அங்கிருந்து இன்னொரு ரயிலில் திருவள்ளூர் போவார். காலைக் காட்டிவிட்டு வருவதாக அம்மா சொல்வாள். திரும்பி வரும்போது மருந்துச்சீட்டோ மாத்திரையோ இருக்காது. ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றாத வயது எங்களுக்கு.

வேலை விட்டு வந்தால் நைனா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கோபக்காரர் இல்லை, குடிப்பவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் கடைசி பெஞ்சு. பேச்சு மட்டும் அவரிடமிருந்து எங்கோ போய்விட்டிருந்தது. "உங்க நைனா வாயில இருந்து ஒரு வார்த்த புடுங்கறது பேஜாரு" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

சாமு தன் கூட்டாளியின் பென் டிரைவில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தாங்கவில்லை. சாலை வெட்டி வெட்டி நகர்ந்தது. வளைவில் திரை அப்படியே உறைந்து, மறுபடி உயிர் வந்தபோது லாரி வயலுக்குள் கிடந்தது. சாமு எதையெல்லாம் குறைக்கலாமோ அதையெல்லாம் குறைத்தான். மரங்களின் நிழல் போயிற்று, எதிரே வரும் வண்டிகள் போயின, மழை போயிற்று, இரவும் போயிற்று. கடைசியில் எப்போதும் பகலாகவே இருக்கும், ஆள் நடமாட்டமே இல்லாத, சாம்பல் நிறச் சாலை ஒன்று மிஞ்சியது. அதில் லாரி ஒருவாறு ஓடியது.

ஒருநாள் சாயங்காலம் சாமு டிரெய்லரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து நைனா, "லெப்ட்ல ஒடிடா. வண்டி இந்தாண்ட போவணும்னா ஸ்டீரிங் அந்தாண்ட போவணும்" என்றார். இருவரும் திரும்பிப் பார்த்தோம். சாமு எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். நைனா தயங்கித் தயங்கி உட்கார்ந்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டுக்கொண்டு, ஒரே முயற்சியில் அந்த டிரெய்லரைக் கிடங்கின் வாசலில் கொண்டுபோய் நேராக நிறுத்தினார். ஓட்டும்போது அவருடைய இடது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தது, ஒத்துழைக்காது என்று சொன்ன அந்தக் கால்.

அதன் பிறகு எங்கள் "ஊடு" கொஞ்சம் மாறியது. நைனா வேலை முடிந்து நேராக வந்து, குளித்து, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த மூலையில் உட்காருவார். பெயர் வாயில் நுழையாத ஏதேதோ வெளிநாட்டு ஊர்களுக்கு லோடு அடிப்பார். "இன்னா ரோடுடா இது, ஒரு டீக்கட கூட இல்ல" என்று அவர் சொல்ல, நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். திரை உறைந்து நின்றால் பொறுமையாகக் கைகட்டிக் காத்திருப்பார், ரயில்வே கேட் போட்டிருப்பதைப் போல. ஒரிசாப் பக்கம் ஒரு மலைப்பாதையில் பிரேக் சூடேறி ஒருநாள் முழுக்க நின்றது, ஆந்திராவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் "டப்பு" வாங்காமல் சோறு போட்டது என்று, எங்களுக்கு அதுவரை தெரியாத கதைகள் அவரிடமிருந்து வந்தன. அம்மா அடுப்படியில் இருந்தபடியே அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, சத்தம் வராமல் பாத்திரம் கழுவுவாள்.

அதனால்தான் சாமுவுக்கு அந்தக் கம்ப்யூட்டரை நல்லதாக்க வேண்டும் என்ற வெறி பிடித்தது. முதலில் தன் துப்பாக்கி விளையாட்டுகளுக்காக ஆசைப்பட்டவன், இப்போது நைனா உறைந்த திரை முன்னால் கைகட்டி உட்காருவதைப் பார்க்கப் பொறுக்காமல், கோடை விடுமுறை முழுக்கத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைக்குப் போனான். பிறகு சென்னையில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு, இரண்டு ரேம், அந்தக் கார்டுக்குப் போதுமான மின்சாரம் தரக்கூடிய புதிய எஸ்.எம்.பி.எஸ். பெட்டி எல்லாம் வாங்கி, மடியில் குழந்தையை வைத்திருப்பவன்போல ரயிலில் கொண்டுவந்தான். மாட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து "பீப் பீப்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சாமுவின் முகம் செத்துவிட்டது. நான் எழுதி அழிக்கிற ரப்பரைக் கேட்டு வாங்கி, ரேமின் செம்புப் பற்களைத் தேய்த்து மறுபடி அழுத்திப் பொருத்தினான். திரையில் வெளிச்சம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கோவில் முடிந்து வந்து கறிச்சோறு சாப்பிட்ட பிறகு, நைனாவை உட்கார வைத்தான். குறைத்து வைத்திருந்த எல்லாவற்றையும் மறுபடி கூட்டியிருந்தான். மரங்களுக்கு இலைகள் வந்திருந்தன. எதிரே வண்டிகள் வந்தன. தடங்கலே இல்லாமல் சாலை வழுக்கிக்கொண்டு போயிற்று. நைனா வாய்விட்டு, "பரவால்லடா" என்றார். அம்மாகூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கொஞ்ச தூரம் போனதும் விளையாட்டுக்குள் பொழுது சாய்ந்து, மழை பிடித்தது. முன்கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுந்து வழிந்தது. வைப்பர் துடைத்தது, கண்ணாடி தெளிந்தது, மறுபடி மறைந்தது. "எப்டி கீது நைனா?" என்றான் சாமு, பெருமை தாங்காமல்.

நைனாவின் கைகள் பொத்தான்களை விட்டு மடிக்கு வந்திருந்தன. லாரி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "நிறுத்துடா" என்றார், மெதுவாக. சாமுவுக்குப் புரியவில்லை, படம் மறுபடி உறைந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான். அதற்குள் நைனா எழுந்து வெளியே போய், குழாயடியில் முகத்தைக் கழுவத் தொடங்கினார். கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா எங்களைப் பார்த்த பார்வையில் எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்த மூலைக்கு வரவில்லை, சுவரடிக்கே திரும்பிவிட்டார். சில நாள் பார்த்துவிட்டு சாமு, மழையையும் இருட்டையும் எடுத்துவிட்டேன், எல்லாம் பழையபடியே வைத்துவிட்டேன், வந்து ஓட்டு நைனா என்று கூப்பிட்டான். கெஞ்சினான் என்றே சொல்ல வேண்டும். நைனா அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார். அம்மா தடுக்கப் பார்த்தாள். "தெரியட்டும் வுடு" என்றார்.

அந்த விபத்தில் ஒருவர் செத்துப்போனார் என்பதை அன்றுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். பெயர் ஏழுமலை. ஷிப்டு முடிந்து கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டைப் பக்கமாகச் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

"மழ. வைப்பர் ஒரு தபா தொடச்சப்ப ரோடு காலியாதான் இருந்திச்சி. அடுத்த தபா தொடச்சப்ப அவரு முன்னால நின்னுகினு இருந்தாரு" என்றார் நைனா. வண்டியை ஒடித்ததில் அது சாலையை விட்டு இறங்கி மோதி, நைனாவுக்குக் காலில் அடிபட்டது. ஆனால் அதற்குமுன் ஏழுமலைமேல் இடித்துவிட்டது. திருவள்ளூருக்குப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு இல்லை, கோர்ட்டுக்கு. கேஸ் பல வருடம் இழுத்து, இவர்மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். அதுவரை அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்க்கக் கூடாது, கேஸ் கெட்டுவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கேஸ் முடிந்த பிறகு போக நைனாவுக்குக் கால் வரவில்லை.

அதே வாரம் ஏழுமலையின் வீட்டுக்குப் போனார். தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் அம்மாவையும் கூட்டிக்கொண்டார். சாமு பாலிடெக்னிக் போயிருந்ததால், வீட்டில் தனியாக விட மனமில்லாமல் என்னையும் கூட்டிப்போனார்கள். பஸ் பிடித்து எங்கள் மாவட்டத்திலேயே உள்ள ஆரணியில் இறங்கி, விசாரித்து விசாரித்துப் போனோம். ஏழுமலையின் மனைவி அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். நீல நிற யூனிபாரம் மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நைனா தான் யாரென்று சொன்னார். அந்தம்மா திடுக்கிடவில்லை, திட்டவில்லை. உட்காரச் சொன்னார். பிறகு ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"கடைசியா எதுனா சொன்னாரா?"

நைனா தலையைக் குனிந்துகொண்டு, "சைக்கிள பாத்துக்கினே இருந்தாரும்மா. ஓரமா போடச் சொன்னாரு. நொண்டிக்கினே போய் போட்டுட்டு வந்தேன். வந்து பாத்தா இல்ல" என்றார்.

"அது புது சைக்கிள்" என்றார் அந்தம்மா. யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அம்மாதான் அழுதாள். நாங்கள் எழுந்தபோது அவர் வாசல்வரை வந்து நைனாவிடம், "இனிமே வராதீங்க. கோவம்லாம் இல்ல. நீங்க வந்தா மறுபடியும் அத கேக்கத் தோணும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நைனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். பாரம் இறங்கியிருக்கும், இனி பழையபடி பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. எடைமேடைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், சுவரடியில் உட்கார்ந்தார். எங்களிடம் பிரியமாகத்தான் இருந்தார். லாரிக் கதை மட்டும் அவர் வாயிலிருந்து அதற்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. கம்ப்யூட்டர் எங்கள் இருவருக்கும் என்று ஆயிற்று. தெருவிலேயே நல்ல கம்ப்யூட்டர் அதுதான். சாமுவின் கூட்டாளிகள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் வந்து விளையாடினார்கள். அந்த லாரி விளையாட்டை மட்டும் சாமு அழித்துவிட்டான்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரும் இல்லை, லைன் வீடும் இல்லை. எங்கள் தெரு இருந்த இடத்தில் கம்பெனிக்காரர்கள் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். நைனா வேலை பார்த்த ஆலை மூடிக் கிடக்கிறது. நைனா நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார். அம்மா என்னோடு இருக்கிறாள். ஷிப்டு முடிந்து நெடுஞ்சாலை ஓரமாகக் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போகும் ஆட்களையும் இப்போது காண முடிவதில்லை. அவர்களைக் கம்பெனி பஸ்கள் ஏற்றிக்கொண்டு போகின்றன, சாலையும் அகலமாகி, மேலே பாலங்கள் வந்து, பழைய அடையாளங்களெல்லாம் அழிந்துவிட்டன.

போன கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரிலிருந்து வந்த சாமு என்னையும் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டான். நல்ல வெயில். சாலை காலியாகக் கிடந்தது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் சாமு, "ஆக்சிடென்ட் ஆனது எந்த எடம்னு நைனா எப்பனா சொன்னாராம்மா?" என்று கேட்டான். இல்லை என்று அம்மா தலையசைத்தாள். அவன் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்து அடித்து ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. கவரைப்பேட்டை கடக்கும்வரை அவன் மெதுவாகவே ஓட்டினான்.