சன்னலோரப் பாத்தி

சவுட்டு மண் கொட்டி உயர்த்திய மனையில் பூச்செடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு கடப்பாரைக்கு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டு வாங்கினேன். சோழவரத்துக்குப் பின்னால், வயலைப் பிளாட் போட்டு விற்றதில் எங்களுடையது கடைசி வரிசை. வீட்டைக் கட்டி முடித்த மேஸ்திரி உடைந்த செங்கல், கெட்டியாகிப்போன சிமென்ட், டைல்ஸ் துண்டு எல்லாவற்றையும் முன்பக்கமே தள்ளி, மேலே கொஞ்சம் மண்ணைத் தூவி, "கிளீன் பண்ணிட்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடப்பாரையைப் போட்டால் டங் என்று சத்தம் வந்ததே தவிர மண் வரவில்லை.

அன்றைக்கு எனக்கு வார லீவு. கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங்கில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் ஷிப்ட் முழுக்க நிஜமாகவே நிற்பதுதான், உட்கார ஸ்டூல் கிடையாது. ஆறு நாள் நின்றவளுக்கு ஏழாம் நாள் என்ன வேண்டும்? கால் நீட்டிப் படுக்க வேண்டும். நானோ வெயிலில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டம்மா கேட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கும்மா இவ்ளோ கஷ்டம், ரெண்டு தொட்டி வாங்கி வெச்சிட்டா முடிஞ்சிது" என்றார். தொட்டி வைத்தால் சன்னல் உயரத்துக்குச் செடி வராது என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

சன்னலுக்கு உள்ளே என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். ரோலிங் மில்லில் நெருப்பு முன்னால் வேலை பார்த்தவர். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் உப்பு கேட்பதென்றால் தெருவுக்கே கேட்கும். வீடு தளம் மட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. கால் கொஞ்சம் திரும்பிவந்தது, கோலை ஊன்றிப் பாத்ரூம் வரைக்கும் போவார். பேச்சுதான் வரவில்லை. வராமல் போகாது, ரொம்ப மெதுவாக, குழறிக் குழறி வரும் என்றார் டாக்டர். பேசப் பேசத்தான் வரும், சும்மா விட்டால் நாக்கு மறந்தே போய்விடும் என்றும் சொன்னார். புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு வந்த பாஸ்டரும் ஜெபம் முடித்துவிட்டு, "பிரதர்கிட்ட பேச்சு குடுத்துக்கினே இருங்கம்மா" என்றார்.

எல்லோரும் என்னிடம்தான் சொன்னார்கள். நான் யாரிடம் சொல்ல? முதல் ஷிப்ட் என்றால் விடியுமுன்னே கம்பெனி பஸ் ஹைரோட்டுக்கு வந்துவிடும். அதற்குள் சோறு வடித்து, அவருக்கு ஹாட்பாக்ஸில் போட்டு, தண்ணீர், மாத்திரை எல்லாம் இடது கைப் பக்கம் எடுத்துவைக்க வேண்டும். அவர் வாயைத் திறந்து 'த' என்று தொடங்கும்போதே தண்ணீரை நீட்டிவிடுவேன். 'மா' என்றால் மாத்திரை. அவருக்குச் சிரமம் வைக்காமல் பார்த்துக்கொள்வதாகத்தான் எனக்கு நினைப்பு. பிறகு அவர் அந்த ஓரெழுத்தையும் விட்டுவிட்டு இடது கையால் சைகை காட்டத் தொடங்கினார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். கத்திப் பேசிய ஆம்பிளைக்குக் குழறிப் பேச வெட்கமாகத்தானே இருக்கும்.

பூச்செடி யோசனை அப்படி வந்தது. நாள் பூரா வெள்ளைச் சுவரையும் மண்ணையும் பார்த்துக்கொண்டு கிடக்கிறவருக்குப் பேச என்ன தோன்றும்? கண்ணுக்கு நேரே நாலு நிறம் இருந்தால், இது என்ன, அது ஏன் வாடுகிறது என்று கேட்க மாட்டாரா? ஹைரோட்டு நர்சரியில் அடுக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ மூன்றும் வாங்கிக் காம்பவுண்டு ஓரமாக வைத்தேன். சன்னலுக்கும் அந்தச் செடிகளுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அகலம்தான் இருந்தது. அதிலே மிச்சச் செங்கலை வரிசை கட்டிப் பாத்தி போட்டு, சவுட்டைத் தோண்டி எடுத்துச் செம்மண்ணும் எருவும் கொட்டி, துலுக்கச் சாமந்தியும் கோழிக்கொண்டையும் நட்டேன். முன்விளிம்பில் பத்து மணிப் பூவைக் கிள்ளிக் கிள்ளிச் செருகினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பு நிமிரவில்லை. சேற்றுக் கையோடு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இது இன்னா செடி, சொல்லுங்க பாக்கலாம்" என்றேன், ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் மாதிரி. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சவுடு அடியில் இருந்தாலும் செடிகள் பிழைத்துக்கொண்டன. ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் ஊற்றினேன். மொட்டு வந்தது. ஆனால் பூவைத்தான் காணோம். முதல் ஷிப்ட் போகும்போது இருட்டு, திரும்பி வரும்போது பத்து மணிப் பூ சுருங்கிவிட்டிருக்கும். சாமந்தி மட்டும் தேமே என்று நிற்கும். செம்பருத்தியிலும் நந்தியாவட்டையிலும் காம்புதான். முதலில் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். பூச்சி இவ்வளவு சுத்தமாகக் காம்போடு கிள்ளாது என்று அப்புறம்தான் மண்டையில் ஏறியது. பஸ்ஸில் சொன்னபோது பக்கத்து சீட்டுக்காரி சிரித்தாள். "ரோட்டோரம் செம்பருத்தி வெச்சா அது ஊருக்கே பொது. சாமிக்குப் பறிக்கறவங்கள யாரு கேப்பா?"

நான் கேட்பேன். அடுத்த லீவு நாளில் விடியுமுன் எழுந்து கதவோரம் நின்றேன். நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு பெண், பின் தெருவில் பார்த்த முகம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், ஒரு கையில் பிளாஸ்டிக் கவர், மறு கையில் கொக்கி கட்டின குச்சி. காம்பவுண்டு மேலே சாய்ந்துகொண்டு, தன் வீட்டுச் செடி மாதிரி நிதானமாகக் கிளையை வளைத்தாள்.

"இன்னாக்கா இது?" என்று வெளியே வந்தேன்.

"பூ பறிக்கறம்மா. அம்மனுக்கு."

"எங்க ஊட்டு செடிக்கா அது. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

"செடிக்கு அதெல்லாம் இன்னாம்மா தெரியும்." அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, மழை வரும்போல் இருக்கிறது என்பதைப்போலத்தான் சொன்னாள். அப்புறம் சன்னல் பக்கம் பார்த்து, "உங்க ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேச முடியாத மனுஷனைச் சாட்சிக்கு இழுக்கிறாளே. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். நான் இடுப்பொடிந்து வைத்ததை நோகாமல் கிள்ளிக்கொண்டு போனால் எந்த அம்மனும் ஏற்காது என்றேன், அந்த அம்மனைப் பற்றி எனக்கு ஏதோ தெரிந்தவள் மாதிரி. அவள் பறித்ததைக் காம்பவுண்டு மேலேயே வைத்துவிட்டுப் போனாள். நான் செய்தது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. என் செடி, என் இடுப்பு. வீடு கட்டும்போது கட்டின பச்சை வலை மடித்துக் கிடந்தது. அதை எடுத்துக் காம்பவுண்டு மேலே ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு பூவெல்லாம் செடியிலேயே நின்றது. செம்பருத்தி சன்னலை எட்டிப் பார்த்தது. அவரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சைகை காட்டுவதும் நின்றது. ஹாட்பாக்ஸைத் திறந்தால் வைத்த சோறு பாதி அப்படியே இருக்கும். டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டாவது முறையாக வாதம் வருவதற்கு முன்னால் இப்படித்தான் இருக்குமோ என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே போவேன். யோசித்து முடிப்பதற்குள் தூங்கியும்விடுவேன். அந்த அளவுக்குத்தான் எனக்குப் பயப்படக்கூட முடிந்தது.

ஒரு சாயங்காலம் அவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடியே அவர், "அக்கா… வர்ல?" என்றார்.

துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். வாதம் வந்த பிறகு இரண்டு வார்த்தை சேர்ந்து அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "எந்த அக்கா?" என்றேன். அவர் இடது கையைத் தூக்கிச் சன்னலைக் காட்டினார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு, வாயாலேயே, நெடுநேரம் எடுத்துக்கொண்டு, "பூ… பறிக்கற… அக்கா" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமை. எனக்குச் சைகை, எவளோ ஒருத்திக்குப் பேச்சா? தினம் பறிக்க வந்தவள் தினம் நின்று பேசியிருக்கிறாள், இவரும் பேசியிருக்கிறார். நான் டீச்சர் மாதிரி கேட்டு வராதது, அவள் கொக்கிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வந்திருக்கிறது. சிறிது நேரம் அழுதேன், சமையலறையில். அழுது முடித்துவிட்டுப் பின் தெருவுக்குப் போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நான் அந்தப் பக்கமே வர்லம்மா" என்றாள்.

"அதான்க்கா பேஜாரு. நாளைக்கு வாங்க. வலைய அவுத்துட்றேன்."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "பறிச்சா திட்ற, பறிக்கலன்னா ஊடு தேடி வர்ற. இன்னாம்மா நீ?"

"பறிச்சிக்கங்க. எல்லாத்தயும் பறிச்சிக்கங்க. கொஞ்சம் நேரம் நின்னு பறிங்க, அவ்ளோதான்."

அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "அவரு பாவம்மா. ஏரில தண்ணி இருக்குதான்னு கேப்பாரு. கேட்டு முடிக்கறதுக்குள்ள நான் ஒரு கெளய பறிச்சிருவேன்" என்றாள். என்னிடம் அவர் ஏரியைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

வலையை அவிழ்த்து மடித்து மாடிப்படிக்குக் கீழே போட்டேன். அந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிப்ட். இரவு வந்து படுத்தால் காலையில் அசையக்கூட முடியாது. ஆனாலும் வெளுக்கும் நேரத்தில் முழிப்பு வந்தது. முன்னறைச் சன்னலுக்கு வெளியே குச்சி காம்பவுண்டில் உரசும் சத்தம் கேட்டது. நான் உள்ளறையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

"இன்னாப்பா, நல்லாகீறியா?"

"நல்லா… கீறேன். அக்கா… மெதுவா பேசு. அவ… தூங்கறா."

என் வீட்டுக்காரரின் குரல்தான். நனைந்த குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு. அவள் அவசரப்படுத்தவில்லை. கிளை ஆடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரலைத் தணித்துக்கொண்டு, "எங்கிட்ட இவ்ளோ பேசற, பொண்டாட்டிகிட்ட பேச வேண்டிதுதானே? அது பயந்துபோய் என் ஊட்டாண்ட வந்து நின்னுது" என்றாள்.

அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாரோ தெரியாது. எனக்கு அது நீளமாக இருந்தது.

"அவ… ஓடிக்கினே… கீறாக்கா. நான் ஒரு வார்த்த… சொல்லி… முடிக்கறதுக்குள்ள… அவ பஸ்ஸு… போய்டும்."

குறையாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் இதுதான். எனக்கு நேரம் ஆகக்கூடாது என்று அந்த மனுஷன் தன் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அவள் போனதும் எழுந்தேன். பல் துலக்கவில்லை, அடுப்பு பற்றவைக்கவில்லை. போய்க் கட்டில் ஓரத்தில் அவர் பக்கமாக உட்கார்ந்தேன். காலெல்லாம் வலித்தது. கண் எரிந்தது.

"சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து 'த' என்றார். என் கை தண்ணீர்ச் சொம்புப் பக்கம் போயிற்று. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் வாயை மூடி, மறுபடியும் திறந்தார். கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க நான் ரொம்பப் பாடுபட்டேன்.